செயின் கவரில் பாதி எழுத்து



நம்ம கோயில் தேர்க்கொட்டகை ஓரத்துல நிறுத்தி வெச்சிருக்கிற கறுப்பு சைக்கிளைப் பத்திப் போன வெள்ளிக்கிழமை நிறைய பேர் கேட்டீங்க. "எல்லாம் பளபளன்னு இருக்கு, செயின் கவரை மட்டும் ஏன் சொரசொரன்னு அப்படியே விட்டுட்டீங்க?" என்று ஒரு அண்ணன் கேட்டார். "சாயம் தீர்ந்துபோச்சா தம்பி?" என்று ஒரு அக்கா சிரித்தார். அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. சொன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பின்னால் தீபாராதனைக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கு.

அந்த சைக்கிள் பழைய ராலே. இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற ஊரில் செய்தது. நம்ம கோயில் தோட்டத்தில் இருந்த காலத்தில் பூசாரி தாத்தா அதில்தான் டிவிஷன் டிவிஷனாகப் போய் வருவார். பூ, பால், தேங்காய் எல்லாம் அந்தக் கேரியரில்தான் வரும். தோட்டம் வீடமைப்பு ஆனபோது கோயில் இந்த இடத்துக்கு மாறியது. அம்மன் சிலை, சூலம், தேர்ச் சக்கரம், அண்டா எல்லாம் ஒரே லோரியில் வந்தன. சைக்கிளும் வந்தது. பழைய வரவு செலவு நோட்டுகள் மட்டும் வரவில்லை. யாரிடம் கேட்டாலும் "அவர்கிட்ட இருந்துச்சு, இவர்கிட்ட இருந்துச்சு" என்றுதான் பதில்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு அந்த சைக்கிளைச் சுத்தம் பண்ணி, சாயம் அடிச்சு, பூக்கூடை வெச்சு வாசலில் நிறுத்தலாம் என்று கமிட்டியில் முடிவானது. நான் கை தூக்கினேன். எனக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைப்பு. கடைசியில் ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் நாளே திட்டு வாங்கினேன். டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டி, அன்னதானச் சமையல் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஃப்ரேமைத் தேய்க்க ஆரம்பித்தேன். வெள்ளிநிறத் தூசி, பச்சைத் தூசி, ஆரஞ்சுத் தூசி என்று பறக்குது. தேவார வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர் பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்க்கிறார்கள். கிளினிக்கில் தாதியாக வேலை செய்யும் நம்ம அக்கா ஒருவர் சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், கத்தியோடு எழுந்து வந்தார். "பிள்ளைங்களை உள்ள அனுப்பு. முதல்ல அந்த மெஷினை நிறுத்து. அது எந்தக் காலத்துச் சாயம்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தக்கால எனாமல் சாயத்தில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், நிறத்துக்காகவே காரீயம் கலந்திருப்பார்கள். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்கு அடிக்கும் ஆரஞ்சு நிற அடிப்பூச்சு பல சமயம் காரீயத்திலேயே செய்தது. நம்ம வீட்டு ரசத்து ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற. இது காரீயம், இது விஷம். சாயம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை இல்லை. தேய்த்துத் தூசியாக்கினால் மூச்சில் போகும், கையில் ஒட்டி வாய்க்குப் போகும், மூடாத அண்டாவுக்குள்ளும் போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே காரீயத்துக்குக் கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பழைய இரும்புச் சாமானைக் காய்ந்தபடியே தேய்க்கக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அன்றைய காயெல்லாம் மறுபடி கழுவி, தரையை ஈரத்துணியால் துடைத்து, சமையல் ஒரு மணி நேரம் தாமதம். பசியோடு காத்திருந்தவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வேலை தேர்க்கொட்டகைக்குப் பின்னால் மாறியது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்குத் தூசி முகமூடி, கைக்கு ரப்பர் கையுறை. தண்ணீரில் நனைக்கும் உப்புத்தாளால் மட்டும்தான் தேய்ப்பு. ஈரமாக இருந்தால் தூசி பறக்காது, சேறாக வழியும். அந்தச் சேற்றைத் துணியில் துடைத்து மூடி போட்ட டின்னில் சேர்த்தேன். வடிகாலில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. நிறைந்த டின்னை, தெரிந்த பட்டறை ஒன்றில் சாயக் கழிவு எடுக்க வருபவரிடம் சேர்த்தாச்சு. வேலை முடிந்ததும் சட்டை மாற்றி, கை முகம் கழுவிய பிறகுதான் கோயிலுக்குள்.

இனி சாமான்களைப் பத்தி. வீட்டில் பழைய சைக்கிள் வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஒரே சைக்கிள்தான், ஆனால் அதில் எல்லாமே ஒரே உலோகம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டால் கெட்டது.

ஃப்ரேமும் ஃபோர்க்கும் இரும்பு. மேலே வெள்ளிநிறச் சாயம், அது ஏதோ ஒரு வருஷம் கேட்டுக்கு அடித்து மீந்தது. அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே ஆரஞ்சு அடிப்பூச்சு. எல்லாவற்றுக்கும் கீழே தொழிற்சாலையில் சூளையில் சுட்டு ஏற்றிய கறுப்பு எனாமல். அந்தக் கறுப்பு பல இடத்தில் இன்னும் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் முதலில் எல்லாவற்றையும் வெறும் இரும்புவரை உரிக்க வேண்டும் என்று நினைத்தேன். தேவையில்லை. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய சாயத்தைவிட நல்ல அடிப்பூச்சு கிடையாது. உரிகிறதை எடுக்கணும், துரு இருக்கிற இடத்தை இரும்புவரை தேய்க்கணும், உறுதியாக இருப்பதை 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகிற அளவுக்குத் தேய்த்தால் போதும். புதுச் சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

"கேஸ் டார்ச் வெச்சு எரிச்சிடுங்க அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்று நம்ம இளைஞர் ஒருவர் சொன்னார். வேண்டாம். காரீயச் சாயத்தைச் சுட்டால் புகையாக மூக்கில் ஏறும். ஃப்ரேம் இணைப்புகள் பித்தளை உருக்கி ஒட்டியவை, அளவில்லாமல் சூடு காட்டினால் அதுக்கும் கெடுதல்.

ஹேண்டில்பார், ரிம், ஹப் எல்லாம் குரோம் முலாம். குரோமை உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறலை மறுபடி மறைக்க முடியாது. முலாம் உரியும் ஓரம் பிளேடு மாதிரி விரலை வெட்டும், எனக்கு வெட்டியது. குரோமில் இருக்கிற துருப்புள்ளிக்குச் சமையலறை அலுமினியத் தாள் போதும். கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது.

சின்ன நட்டு, போல்ட், கிளிப்புகளை நம்ம குத்துவிளக்கு விளக்குகிற மாதிரிப் புளித்தண்ணியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டோம். பித்தளைக் களிம்பை எடுக்கிற அதே புளிப்பு இரும்புத் துருவையும் எடுக்கும். எடுத்ததும் சோடா மாவு கரைத்த தண்ணியில் அலசி, உடனே காய வைத்து எண்ணெய் பூசணும். நம்ம ஊர் ஈரக்காற்றில் வெறும் இரும்பு சாயங்காலத்துக்குள் மறுபடி செம்பட்டை கட்டிவிடும். சீட் ஸ்பிரிங்கை மட்டும் கடை அமிலம் எதிலும் ஊறப்போடாதீங்க. கடினமான எஃகு அமிலத்தில் ஊறினால் உள்ளே ஹைட்ரஜன் ஏறி, பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். மட்கார்டு தாங்கிக் கம்பிகளின் சாயத்தை உரிக்கக் காஸ்டிக் சோடா கரைத்த வாளி வைத்திருந்தேன். அதிலேயே பெடலையும் போட்டேன். பெடல் பிற்காலத்தில் யாரோ மாற்றியது, அலுமினியம். பால் பொங்குகிற மாதிரிப் பொங்கியது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், கிளம்புகிற வாயு தீப்பற்றக்கூடியது. நல்லவேளை பக்கத்தில் கற்பூரம் இல்லை. பெடல் கறுத்து ஓட்டை விழுந்துவிட்டது. புது ஜோடி வாங்க என் காசு போனது, அது நியாயம்தான்.

பெடல் கடையில் கிடைக்கும். கிடைக்காத ஒன்றை அதுக்கடுத்த வாரம் அழித்தேன்.

செயின் கவர் வளைந்து நெளிந்த தகடு, உப்புத்தாள் போட்டால் நாள் முழுக்க ஆகும். அவசரத்துக்கு ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் சாயம் உரிக்கிற ஜெல்லி டின் வாங்கி வந்தேன். (அந்த டின்களில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் மூடிய அறையில் திறக்கவே கூடாது. மயக்கி விழ வைக்கும், ஆளையே கொல்லும். 2019-ல் அமெரிக்காவில் அந்த வகை உரிப்பானைப் பொதுமக்களுக்கு விற்கவே தடை போட்டுவிட்டார்கள்.) வெட்டவெளியில் வைத்து, பின்சக்கரப் பக்கத்து வால் முனையிலிருந்து பூசிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷத்தில் சாயம் அப்பளம் மாதிரி உப்பியது. சுரண்டியில் வழித்தேன். வெள்ளி, பச்சை, ஆரஞ்சு, நடுவில் கொஞ்சம் மஞ்சள், பிறகு கறுப்பு. மஞ்சளைப் பார்த்து, இன்னொரு சாயம்போல என்று நினைத்தேன். வழித்து டின்னில் போட்டேன்.

பாதித் தூரம் வந்தபோது வகுப்புக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி தூரத்தில் நின்றபடியே, "மாமா, அதுல எழுத்து இருக்கு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். உப்பிய சாயத்தின் கீழே மஞ்சள் கோடு ஒன்று வளைந்து சுழித்திருந்தது. "ள்". அதற்குப் பக்கத்தில் "உ".

ஜெல்லியை உடனே துணியால் துடைத்தேன். துடைத்த துணியிலும் மஞ்சள். எழுத்துக்குக் கீழே இருந்த கறுப்பு சூளையில் சுட்டது, அது அசையவில்லை. எழுத்து கையால் தூரிகை போட்டது, மேல் சாயத்தோடு சேர்ந்து அதுவும் கரைகிறது. மீதியை ஜெல்லி இல்லாமல், 1000 நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணியில் நனைத்து, ஒரு விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். மஞ்சள் தெரிந்தால் நிறுத்தணும், அடுத்த இடத்துக்குப் போகணும். ஒரு சாண் இடத்துக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முடிந்தபோது மிச்சம் கிடைத்தது இவ்வளவுதான்:

"…த்துப் பெண்கள் உபயம் 19"

19-க்குப் பிறகு இருந்த இலக்கங்களைத் துரு தின்றிருந்தது. முன்னால் இருந்ததைத் தின்றது நான்.

நம்ம கமிட்டியில் யாருக்கும் அந்த சைக்கிள் உபயம் என்றே தெரியாது. தோட்டத்துத் துரை கொடுத்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். போன திருவிழா மலரில்கூட நானே அப்படித்தான் எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, அரசமரத்தடி நாற்காலியில் உட்காரும் பாட்டியை உங்களுக்கெல்லாம் தெரியும். 83 வயது. பழைய தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களில் இப்போது கோயிலுக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். செயின் கவரைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"பூசாரி சைக்கிளா? கறுப்பாச்சே அது. பச்சை அப்புறம் அடிச்சாங்க, வெள்ளத்துல முழுகினப்புறம்."

"இதுல பெண்கள் உபயம்னு இருக்கு பாட்டி."

"ஆமா, நாங்கதான் வாங்கிக் குடுத்தோம். பதினோரு பேரு. மாசம் ஒரு வெள்ளி சீட்டு மாதிரிக் கட்டி. பூசாரிக்கு மேட்டுல மிதிக்க முடியல, மூச்சு வாங்கும். அதனால கியர் வெச்சதுதான் வேணும்னு நாங்க கேட்டோம். கியர் இல்லாதது விலை கம்மி, ஆம்பளைங்க அதையே வாங்கச் சொன்னாங்க. நாங்க ஒத்துக்கல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"எழுதுறவரு டவுன்லேருந்து வந்தாரு. எல்லாப் பேரும் எழுத இடம் பத்தாதுன்னாரு. அப்புறம் என்னதான் எழுதினாரோ. எங்கள்ல யாருக்கும் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். கேக்க வெக்கமா இருந்துச்சு. ஏன் தம்பி, முன்னால எங்க பேரு ஏதாச்சும் இருந்துச்சா?"

எனக்கு வார்த்தை வரவில்லை. வால் முனையிலிருந்து பாதிவரை, குறைந்தது ரெண்டு சாண் நீளத்துக்கு எழுத்து இருந்திருக்கும். அதில் லயத்து நம்பர் இருந்ததா, பதினோரு பேரில் நாலு பேருடைய பேராவது இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு வருஷம் கேட்காமல் இருந்தவர், கேட்ட அன்றைக்கு பதில் என் டின்னுக்குள் சேறாகக் கிடந்தது.

"நான் அழிச்சிட்டேன் பாட்டி. பார்க்காம அழிச்சிட்டேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "பரவாயில்ல" என்றும் சொல்லவில்லை. செயின் கவரைத் திருப்பி என்னிடம் கொடுத்து, "நோட்டு இருந்தா எடு, நான் சொல்றேன்" என்றார். ஒவ்வொரு பேராகச் சொன்னார். யார் எந்த வீடு, யாருக்கு எத்தனை பிள்ளை, யார் கோலாலம்பூருக்குப் போய்விட்டது, யார் இறந்தது என்று எல்லாம் சொன்னார். ஒன்பது பேர் வந்தார்கள். மீதி ரெண்டு பேர் முகம் நினைவிருக்கு, பேர் நாக்கு நுனியில் நிற்குது என்றார். இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர்கள் குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள், தயவுசெய்து.

வருஷம் மட்டும் இன்னொரு இடத்திலிருந்து கிடைத்தது. பின்சக்கர ஹப்பை அலுமினியத் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது துருவுக்கு அடியில் எழுத்துப் பொறிப்பு தெரிந்தது. ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற மூணு கியர் ஹப். அந்தக் கம்பெனி, ஹப் செய்த வருஷத்தையும் மாதத்தையும் அதன் மேலேயே அச்சடித்துவிடும். இதில் 61, பக்கத்தில் 4. அதாவது 1961 ஏப்ரல். கப்பலில் வந்து கடைக்குச் சேர மாதங்கள் ஆகியிருக்கும். பாட்டி சைக்கிள் வந்தபோது மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தது என்றார். அவர் மகனின் அடையாள அட்டை நம்பர் 62-ல் தொடங்குது. கணக்கு சரியாக வருது. துரை கொடுத்தது என்று நான் எழுதியதை இங்கேயே திருத்திக்கொள்கிறேன். கியர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற பதினோரு பால்வெட்டுப் பெண்கள் வாங்கிக் கொடுத்தது.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. தின்னரால் துடைத்து, மழை வருவதற்குள் அன்றைக்கே அடிப்பூச்சு, பிறகு மெல்லிசாக மூணு தடவை கறுப்பு. செயின் கவரின் பழைய எழுத்தை மட்டும் தொடவில்லை. கண்ணாடிச் சாயம் மேலே அடிக்கலாமே என்றார்கள். அதில் இருக்கிற கரைப்பான் பழைய எழுத்தை மறுபடி கிளப்பிவிடும் என்று பயந்து மெழுகு மட்டும் பூசியிருக்கிறேன். அழிந்த பாதியை ஊகித்துப் புதிதாக எழுதலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். தெரியாததை எழுதினால், அது பாட்டி கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் ஆகும். ஒன்பது பேருடைய பேரும் கோயில் நோட்டில் ஏறியாச்சு, பக்கத்துச் சுவரில் பலகையாகவும் வரப்போகுது. கீழே ரெண்டு வரி காலியாக விட்டிருக்கிறோம்.

இப்போது என் வேண்டுகோள். அடுத்த வருஷம் கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்குது. கோபுரத்திலிருந்து கேட்வரை எல்லாவற்றையும் சுரண்டிப் புதுச் சாயம் அடிப்போம். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் வைக்கிறோம், சுரண்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. பழைய கேட், விளக்குத் தூண், உண்டியல், மணிக்கட்டை, அண்டா, பந்தல் கம்பி என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, எழுத்தோ தேதியோ இருந்தால் போட்டோ எடுத்து நோட்டில் ஏற்றணும். சாயத்துக்கு அடியில் மேடு தட்டினால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், எழுத்தின் ஓரம் நிழலாகத் தெரியும். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். நாற்காலி, பசியாற இட்லி, தேத்தண்ணி எல்லாம் ஏற்பாடு செய்கிறோம். நடக்க முடியாதவர்கள் என்றால் வண்டி அனுப்புகிறோம்.

சுரண்டுகிற வேலை தொடங்கின பிறகு சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீங்க. அன்னதானச் சமையல் அந்த நாட்களில் மண்டபத்துக்கு மாறும், கமிட்டியில் பேசியாச்சு.

பாட்டி போன வெள்ளிக்கிழமை சைக்கிளைப் பார்த்தார். பெல்லை ரெண்டு தடவை அடித்துப் பார்த்தார். "அன்னைக்கு இருந்த சத்தம்தான்" என்றார். பிறகு கியர் வேலை செய்யுதா என்று கேட்டார். மூணாவது கியர் இன்னும் சரியாக விழவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கணும்.

அம்மன் துணை.